இரண்டு சதவீதம்

டானிங்டன் வளைவில் போர்டு வைத்தேன்,
மஞ்சள் தகரத்தில் என் நம்பரோடு.
பதினொரு மாதம்.
குரங்கொன்று ஏறி உட்கார்ந்து
கடைசி இரண்டு எண்களை மடக்கிவிட்டது.
அதற்கு முன் அழைத்தவர்கள் எல்லோரும்
சோலார் ஹீட்டர் விற்பவர்கள்.

நல்ல வீடுதான்.
மூன்று அறை, பட்டாவில் பழுதில்லை.
வடக்குச் சுவர் மட்டும்
ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்
பூசணம் பூக்கும்.
போஜா கவுடருக்கு முட்டி போய்விட்டது,
நாற்பது படி ஏற முடியவில்லை.
"எவனாவது வந்தானா?" என்பார்,
என்னைப் பார்த்தால் அதே கேள்வி, சந்தையிலும் சாவிலும்.

என் போனில் யாருக்கும் அப்பா பெயர் கிடையாது.
கேஸ் ஜோகி.
தண்ணி லாரி லோகி.
பிளவுஸ் நஸீமா.
சுகர் டெஸ்ட் ஏலியம்மா.
எட்டு வருஷமாக
இவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் கருமாதிக்கும்
நூற்றியொன்று வைத்த கவரோடு போகிறேன்.
கணக்குப் பார்த்தா போனாய் என்றால்
பார்த்துத்தான்.
ஆனால் லோகியின் தம்பியை
மண் சரிந்து மூடிய அன்று
அரவேணு மழையில் நின்று அழுதேனே,
அது கணக்கில் இல்லை.
பிறகு, நான் கேட்காமலே,
அதுவும் கணக்கில் சேர்ந்துகொண்டது.

ஜோகி ஒருநாள்
சிலிண்டரை உருட்டிக்கொண்டே கேட்டான்,
"அந்த ஈரச்சுவர் வீடு போச்சாக்கா?"
இன்னொரு சமையலறையிலும்
ரெகுலேட்டர் மாட்டியபடி அதையே சொல்லியிருக்கிறான்.
அங்கே ஏலியம்மா
ஒரு பெரியவரின் விரலைக் குத்திக்கொண்டிருந்தாள்.
பெரியவரின் மகள் மேட்டுப்பாளையத்தில் டீச்சர்,
நஸீமாவின் நாத்தனாருக்கு அடுத்த வகுப்பு.
நாத்தனாரின் மாடியில் குடியிருந்தவர்
வெயில் ஆகாமல்
உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார்.
ஒரு ஞாயிறு
குஞ்சப்பனை வளைவில் வாந்தி எடுத்துவிட்டு
மனைவியோடு வந்து இறங்கினார்,
பெயர் சதானந்தம்.

முதலில் வடக்குச் சுவரைத்தான் காட்டினேன்.
"உள்ளங்கையை வச்சுப் பாருங்க."
வைத்தார். வேட்டியில் துடைத்தார்.
"கரடி வருமா?"
"பேரிக்காய் காலத்தில் வரும். கதவைத் தட்டாது."
"தண்ணி?"
"பத்து நாளைக்கு ஒருதரம். நடுவில் லோகி."
நின்ற இடத்திலேயே அனுப்பினேன்
லோகியின் நம்பரை, ஜோகியின் நம்பரை,
ஏலியம்மாவுடையதை,
சாக்கடை அடைத்தால் வரும் இன்னாசியுடையதை.
அந்தம்மா சிரித்தாள்.
"வீடு பார்க்க வந்தோம்,
ஊரையே அனுப்பி வைக்கிறீங்க."
அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்திரம் முடிந்தது. இரண்டு சதவீதம்.
ஜோகிக்கு ஐயாயிரம்.
ஏலியம்மா பணம் வேண்டாமென்று குக்கர் கேட்டாள்,
ஐந்து லிட்டர், அடி கனமாக.
நஸீமா எதுவும் கேட்கவில்லை.
அடுத்த வாரம் தைத்துத் தந்த பிளவுஸில்
கை ஏறவில்லை.
புரிந்தது. போய்க் கொடுத்தேன்.

பங்குனியில் லோகி கூப்பிட்டான்.
"அக்கா, காம்பாய்க்கடை ஏத்தத்தில் ஒரு வீடு வருதாம்.
ஓட்டுக்கூரை, முன்னால பேரி மரம்.
வாடகைக்கு யாரோ இருக்காங்களாம்,
காலி பண்ணித் தந்துடுவாங்களாம்."
பாதியில் அவனுக்கே உறைத்து
லாரி இரைச்சல் மட்டும் கேட்டது.

பதினாறு வருஷம் அந்த ஓட்டுக்குக் கீழே நான்.
வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை.
தண்ணி லாரியிடம் சொல்லியிருக்கிறார்.
விற்க அதுதான் வழியென்று
அவருக்குக் காட்டியவள் யார்?

ராத்திரி போனைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சுவர் காய்ந்த சுவர்.
தண்ணீர் தினமும்.
கரடி இந்தப் பக்கம் வந்ததே இல்லை.
தினமும் வருகிறது என்று
ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் போதும்,
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் வரை போய்விடும்.
நம்புவார்கள்.
இதுவரை நான் பொய் சொன்னதில்லை.

காலையில் சிலிண்டர் வரும்.
ஜோகிக்கு டீ போட
பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.