கால் சுற்று

மூணு அஞ்சு நோட்டில் எழுதியிருக்கிறேன்:
பீடோங்கிலிருந்து கூலிம், நாற்பத்தஞ்சு கிலோமீட்டர்.
போக, வர. மாசம் இருபத்தாறு நாள்.
லிட்டருக்குப் பதினொண்ணு.
அதற்குக் கீழே கோடு போட்டு
மறுபக்கம் தடிக்கும்வரை அழுத்தியிருக்கிறேன்.

பழைய சாகா. காபரேட்டர் வண்டி.
கண்ணாடி இறக்கும் பிடி ஒரு பக்கம் இல்லை.
முன்னால் மாரிக்கண்ணு, பின்னால் சுகுந்தா, நோர்ஹயாத்தி.
ஆளுக்கு மாசம் நூற்றிருபது வெள்ளி
சம்பளத்தன்று கூட்டுக் காசு மாதிரி
எண்ணிக் கையில் வைப்பார்கள்.

ஃபேக்டரியில் என் வேலை பார்ப்பது.
பார்ப்பது மட்டும்தான்.
லென்ஸுக்கடியில் சில்லுச் சில்லாக வரும்,
முடியளவு கீறலையும் பிடித்துவிடுவேன்.
அந்தக் கண்ணோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.
நுனியெல்லாம் கரி.
எரியாத எண்ணெய்.
என் காசுதான் அப்படிக் கறுத்துக் கிடந்தது.

ஒரு பங்கு எண்ணெய்க்குப் பதினஞ்சு பங்கு காற்று,
இது என்ஜின் கேட்கிற கணக்கு.
காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை.
பதினாறு கொடுத்தால்?
பதினேழு?

ஆ லியோங்கின் பொட்டோங் கடையில்
மூணு வெள்ளிக்கு ஒரு ஜெட்.
நூற்றஞ்சைக் கழற்றித் தொண்ணூற்றஞ்சு.
கசகசா நுழைகிற ஓட்டை,
இனி அதுவும் திணறும்.
'லாப்பார் ஆகிவிடும் இந்த வண்டி' என்றான் லியோங்,
'மேடு ஏறும்போது சொல்லும்.'
எனக்கு மேடே இல்லை என்றேன்.
டைமிங்கை ஒரு நூல் முன்னுக்குத் தள்ளி
ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே.
இன்னொரு கால் சுற்று.

காலையில் முதல் கியரில் தும்மும்.
பின்னால் செம்பனை லோரி ஹாரன் அடிக்கும்.
'வண்டிக்குச் சளியா?' என்பாள் சுகுந்தா.
மூணாவது வாரம் நோட்டில் பதினாலரை.
மாசம் நூற்றுச் சொச்சம் மிச்சம்.
அவர்களிடம் சொல்லவில்லை.
சொல்லிவிடலாம் என்று நினைத்த அன்று
மகனுக்குச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது.
அப்புறம் நினைக்கவில்லை.
மைலோ டின்னில் ஐம்பது காசும் இருபது காசும்
விழுந்துகொண்டிருந்தன.

ஓவர்டைம் காசு வந்த ஞாயிறு
நாலு பேரும் ஜெராய் மலைக்குக் கிளம்பினோம்.
பிஹூன் பொட்டலம், தண்ணீர்க் கேன்,
நோர்ஹயாத்தியின் இரண்டு பிள்ளைகள்.
குரூண் தாண்டி ஏற்றம். மூன்றாம் வளைவு.
இரண்டாம் கியரில் காலை அழுத்தினேன்.
பானெட்டுக்குள்ளிருந்து கலகலவென்று
தகர டின்னில் சில்லறை குலுங்கியது.
காலை எடுத்தால் நின்றது.
அழுத்தினால் மறுபடி.

'டூயிட் சத்தம்' என்றாள் நோர்ஹயாத்தி,
'யாரோ ஒளித்துவைத்த மாதிரி.'
பிள்ளைகள் சிரித்தன.
மாரிக்கண்ணு என்னைப் பார்த்தாளா
ரோட்டைப் பார்த்தாளா, தெரியாது.
நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
சிவப்புக்கு ஒரு விரல் கீழே.

ஓரம் கட்டினோம். அங்கேயே பிஹூன் தின்றோம்.
ஒரு குரங்கு வந்து வண்டியை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

ராத்திரி பிளக் திருநீறாய் வெளுத்திருந்தது.
லென்ஸை வைத்தேன்.
விளிம்பில் மின்னும் துகள், இரண்டே இரண்டு.
வேறு யார் கண்ணுக்கும் படாது.
பிஸ்டன் உருக ஆரம்பித்திருக்கிறது.

மறுநாள் நூறு ஜெட்.
லியோங் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தான், அதுவே போதும்.
ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே.
இப்போது பிளக் பால் ஊற்றிய தே நிறம்.
நோட்டில் பதிமூணு.

சம்பளத்தன்று சொன்னேன்:
'இனிமேல் நூற்றஞ்சு போதும்.'
மாரிக்கண்ணு ஏன் என்று கேட்காமல்
பதினஞ்சு வெள்ளியை எடுத்து மடியில் வைத்தாள்.
நோர்ஹயாத்தி மட்டும் தன் பர்ஸை
என் காதருகே ஒருமுறை குலுக்கினாள்.

கணக்குப் பார்த்தால் இன்னமும்
இருபது வெள்ளி என் பக்கம் நிற்கிறது.
முதல் கியரில் ஒரு சின்னத் தும்மலும்.
இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன்.