இலாகா இல்லாதவர்

இரவு பதினொன்று இருபது.
கிராண்ட்பாஸில் அச்சு இயந்திரம் இன்னும் இருமத் தொடங்கவில்லை.
வெளிநாட்டுச் செய்தியில் ஒரு மரணம் வந்து விழுகிறது:
ட்ஸெமாக் ஓர்லான், இஸ்ரேலின் முன்னாள் அமைச்சர்,
வயது எண்பத்தாறு.

பெயரிலேயே தடுக்கினேன்.
முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை.
தும்மல் மாதிரி இருக்கிறது என்றார் கமால்தீன்,
தேநீரில் பிஸ்கட்டை நனைத்தபடி.
“பத்து வரி. அதற்குமேல் இடமில்லை.”

ஆறு முறை பாராளுமன்றம்.
மூன்று கட்சி. இதை மொழிபெயர்க்கச் சிரமமே இல்லை,
கொழும்பில் எந்தப் பஸ்ஸிலும் புரியும்.
முதலில் போக்குவரத்து.
பிறகு வீடமைப்பு: பதினோராயிரம் வீடுகள் கட்டினார்.
அந்த நிலத்தில் முன்பு நின்றவை எத்தனை,
செய்தியில் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே, புளூமெண்டால் பக்கம்,
நம் அமைச்சர் ஒருவர் எழுப்பிய பதின்மூன்று மாடி.
ஒன்பதாவதில் ஒரே ஒரு விளக்கு.
அங்கே இருந்த பலகை வீடுகளின் எண்ணிக்கையை
நாங்களும் அன்று போடவில்லை.
வந்த அறிக்கையைப் போட்டோம்.

கடைசிப் பதவி: துறை எதுவும் தரப்படாத அமைச்சர்.
‘பொறுப்பில்லாத அமைச்சர்’ என்று விரல் தானாக அடித்தது.
“செத்தவன் எழும்பி வழக்குப் போடுவான்” என்று
கமால்தீன்தான் இலாகாவைக் கொண்டுவந்து வைத்தார்.

அப்போதுதான் எமரன்சி ஞாபகம்.
ஜம்பட்டா வீதியில் எங்களுக்கு மேல்மாடி.
ஐந்து வருடம் ஹைஃபாவில் ஒரு கிழவரைப் பார்த்து
கடன் அடைத்து, இடுப்பு வலியோடு திரும்பியவள்.
மந்திரி வீடு என்பாள். நாங்கள் நம்பியதில்லை.
அழைத்தேன். பெயரைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

தூக்கத்தில வலது கை உயரும், அண்ணா.
வாக்கெடுப்பாம். இறக்கினால் கோபம் வரும்.
இறக்காமலே கக்கத்தைத் துடைச்சுவிடுவன்.
சாப்பாட்டு மேசைக் கடதாசியில எல்லாம் கையெழுத்து.
டிரைவரைக் கூப்பிடுவார், நான்தான் சக்கர நாற்காலி.
பழைய கூட்டாளிகள் ஒரு பெருநாளுக்கு வந்தினம்.
அடுத்ததுக்குப் பூ வந்தது.
அதுக்கடுத்ததுக்கு நானே வாங்கி வச்சன்,
அவையள் அனுப்பினதெண்டு.
சைரன் அடிச்சால் பதுங்கறைக்குத் தள்ளிக்கொண்டு ஓட்டம்.
இருட்டில கேட்டார், உங்கட ஊரிலயும் இப்படியா.
இப்படித்தான் சேர், ஆனால் எங்களுக்குச் சைரன் இல்லை.
அண்டைக்கு முழுக்கப் பேசயில்லை.

சம்பளம் ஒழுங்காகத் தந்தார்களா என்றேன்,
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.
அதெல்லாம் ஒழுங்கு, என்றாள்.

பன்னிரண்டரைக்குச் செட்டியார் தெரு நகைக்கடை விளம்பரம் வந்தது.
பத்து வரி நாலானது.
பதினோராயிரம் வீடுகளும் போயின,
கட்சிகள் போயின.
இலாகா இல்லாதது மட்டும் எப்படியோ தப்பியது.

காலையில் படிக்கட்டில் எமரன்சி, கையில் எங்கள் பேப்பர்.
அழுத முகமில்லை.
“வயசு பிழை, அண்ணா. எண்பத்தெட்டு.
கட்சி மாறேக்க எல்லாம் ஒண்டு குறைச்சவராம்.
மருந்துச் சீட்டில சரியா இருந்தது.”

நாளைக்குத் திருத்தம் போடட்டுமா என்றேன்.

“இருக்கட்டும்” என்று பக்கத்தைத் திருப்பினாள்,
பவுன் விலை பார்க்க.