ஓரம் வெட்டிய படம்

அஞ்செட்டியில் நான்காம் இரவு.
பரணில் எனக்கும் சிக்கமாதனுக்கும் ஒரே கம்பளி.
டார்ச்சை அவர்தான் வைத்திருந்தார்.
என் லென்ஸை அவர் நம்பவில்லை.

விடியலுக்குச் சற்று முன் வந்தது.
அவ்வளவு பெரிய உடம்பு
ராகித் தாளுக்குள் நடக்கையில்
ஈரத்துணி உதறுவதுபோல் ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.

அவர் தகரம் தட்டவில்லை.
"எடுத்துக்க சார், அப்புறம் வெரட்டலாம்."
பதினோரு படம் எடுத்தேன்.
பதினோரு படத்துக்கு எத்தனை கவளம் என்று
அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

ஓசூர் விடுதியில் உட்கார்ந்து
மின்கம்பியை வெட்டினேன்.
பரணின் காலை வெட்டினேன்.
மிதிபட்ட கதிர்களையும்.
காட்டில் இதெல்லாம் இருக்கக் கூடாதாம்,
யார் சொன்னதென்று தெரியவில்லை.
மிச்சம்: பனி, மலை, கொம்பன்.

மாசியில் அச்செடுத்துக் கொண்டுபோனேன்.
வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
யானையை ஒரு நொடி.
பிறகு அவர் விரல்
படத்தின் கீழ் விளிம்புக்கு இறங்கி,
அதையும் தாண்டி
காற்றில் கொஞ்ச தூரம் போனது.

"எங் கொல்லை எங்க சார்?"

விதைக்கு எடுத்துவைத்த கதிர்க்கொத்து தொங்கும்
அதே ஆணியில் மாட்டினார்.
கொத்து
யானையின் கால்களை மறைத்தது.

அதை நான் படமெடுக்கவில்லை.