இரண்டரை டன்

நகர மன்றத்துக்கு எழுதியது நான்தான்.
ஒன்றல்ல, நான்கு மின்னஞ்சல்.
நான்காவதில் படமும் இணைத்தேன்:
எங்கள் வாசலில் மல்லாந்து கிடந்த கரப்பான்,
அளவு தெரியட்டுமென்று
பக்கத்தில் ஓர் இருபது காசு.

தெபான் கார்டன்ஸ், ஒன்பதாம் மாடி.
குவெக் அங்கிளின் கதவு
ஒரு சாண்தான் திறக்கும்.
உறைக்குள் கடிதத்தை நுழைப்பதுபோல்
பக்கவாட்டில் தன்னை நுழைத்துக்கொள்வார்.
அவர் உள்ளே போக
வாடை வெளியே வரும்:
ஊறிய அட்டை, பூனை மூத்திரம்,
எந்தச் சீனப் புத்தாண்டுக்கோ வாங்கிய மீன்.

மகள் ரூபிகாவின் முழங்கையில்
மூட்டைப்பூச்சிக் கடி, வரிசையாக மூன்று.
கோதுமை மாவு டப்பாவுக்குள் இரண்டு மீசை.
கீழ்வீட்டு நோராய்னிக்கு டெங்கி கண்டு
பதினோரு நாள் மருத்துவமனை.
பொறுமைக்கும் ஒரு மாடி எண் உண்டு,
அதற்கு மேல் மின்தூக்கி போகாது.

அதிகாரி சுரையா ஆறு முறை வந்தார்.
ஐந்து முறை கம்பிக் கதவுக்கு இப்பால் நின்று
காப்பிக்கடையில் கற்ற ஹொக்கியெனில் கெஞ்சினார்.
ஆறாம் முறை
கையில் ஆணை இருந்தது.

சனிக்கிழமை, வெள்ளை அங்கியில் ஒன்பது பேர்.
கதவைக் கழற்றித்தான் உள்ளே போக முடிந்தது.
ரைஸ்குக்கர் மட்டும் முப்பத்தொன்று.
மேசை விசிறிகளை எண்ணுவதை
பாதியில் விட்டுவிட்டார்கள்.
ஜன்னலோரப் பால்மாவு டின்னில் மழைத்தண்ணீர்;
சுரையா டார்ச் அடித்தார்,
முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாத காற்புள்ளிகளாய்
நெளிந்தன கொசுப்புழுக்கள்.
படுக்கை இருந்த இடம் கிடைக்கவில்லை.
படுத்த இடம் கிடைத்தது:
செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே
ஓர் ஆள் நீளம், முக்கால் ஆள் அகலம்.

அவர் கீழ்த்தளத்தில்
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.
ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் எழுந்தார்.
"அது ஓடும்," என்றார் ஒரு விசிறியைப் பார்த்து.
"இதுவும் ஓடும்."
கைப்பிடி இல்லாத குடையையும்
ஓடும் என்றார்.
லாரிக்காரர் பெயர் மொமின்,
ஒருமுறை நின்று, தலையாட்டி,
பிறகுதான் எறிந்தார்.
நான் மளிகைப் பையோடு
தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது.
தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டரை டன் என்றார்கள்.
கப்பல் பட்டறையில் முப்பது வருடம்
மின்வேலை பார்த்தவராம்,
ஒரு வெள்ளிக்கிழமை போதும் என்றுவிட்டார்களாம்.
சுரையா இதைச் சொல்லும்போது
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
நான் விலை ஒட்டியிருந்த முள்ளங்கியைப் பார்த்தேன்.

அன்றிரவு சுவருக்கு அப்பால்
ஒரு தும்மல் கேட்டது.
ஏழு வருடத்தில் முதல்முறை.
வெறும் வீட்டில் அது
மூன்று அறைக்கும் போய்த் திரும்பி வந்தது.
வாடை போய்விட்டது. சாளரத்தைத் திறந்து வைத்தேன்.
தூக்கம் வர நேரமானது.

மூன்றாவது வாரம்.
மறுசுழற்சித் தொட்டியருகே
நீலச் சிறகு விசிறி ஒன்றை
நெஞ்சோடு அணைத்து வந்தார்.
மின்தூக்கிக்குள் நான் மட்டும்.
கதவு மூடத் தொடங்கியது.

பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
"ஓடுமா, அங்கிள்?"
"ஓடும்."

ஒரு விசிறிதானே.
முதல் கரப்பானும்
ஒன்றாகத்தான் வந்தது.