நாற்பத்தோராம் குப்பி

ஆகஸ்டில் காம்பியா ஆற்றின் வடகரைச் சாலை
பாதிதான் சாலை.
மோட்டார் சைக்கிளின் பின்னால்
ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன்.
போகும்போது காலிக் குப்பிகள், வரும்போது பால்.
குப்பிக்கு ஐந்து மில்லி.
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.

ஆனாலும் எனக்குத் தெரியும்
பதினேழு என்றால் ஜைனாபா மின்தே,
நாற்று நட்ட சேறு முழங்கை வரை காய்ந்திருக்க
பிள்ளையை இடுப்பில் சாய்த்துக்கொண்டே கறப்பவள்.
இருபத்திரண்டு காடி சன்யாங்.
இரட்டைப் பிள்ளைகள், ஒன்றுக்குத்தான் பசி அதிகம்.

கறக்கும்போது திரும்பி நிற்க வேண்டும் என்பது
எந்தத் தாளிலும் இல்லாத விதி.
திரும்பி நிற்பேன்.
நெல்வயலில் தவளைகளை எண்ணுவேன்.

ஓராண்டு கழித்துப் படம் வந்தது.
ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம்.
டாக்டர் விரலை வைத்துச் சொன்னார்:
பால் சர்க்கரை எங்கும் ஏறக்குறைய ஒரே உயரம்,
பனியில் பெற்றவளுக்கும் மணலில் பெற்றவளுக்கும்.
இது மீன் தரும் கொழுப்பு,
கடலோரப் பெண்களிடம் ஓங்கி நிற்கிறது.
இந்தச் சர்க்கரைகள் பிள்ளைக்குச் செரிக்கவே செரிக்காது,
அதன் குடலில் குடியேற வரும் நுண்ணுயிர்களுக்கான பந்தி.
சில தாய்மாருக்கு இவற்றில் ஒன்றைச் சமைக்கும் வித்தை
பிறப்பிலேயே இல்லை.
உங்கள் ஊரில் மழை மாதங்களில் பந்தி சுருங்குகிறது.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
யாரோ என் அடுப்படிக்குள் நின்று
சட்டிகளைத் திறந்து பார்ப்பது போல் இருந்தது.

பிறகு மொத்தக் கொழுப்பு.
எங்கள் நிறம் தரையோடு தரையாக.
வயல் வேலையா, மழைக்காலப் பசியா, மரபா
என்று மூன்று கேள்விக்குறிகளைப்
பென்சிலால் போட்டுக்கொண்டார்.

வயல் வரப்பில் பெண்களிடம் படத்தை விரித்தேன்.
கேட்டதும் காடி சினந்தாள்:
“அப்படியானால் என் பிள்ளைகள்
தண்ணீர் குடித்தா தவழ்ந்தன?”

ஜைனாபாவுக்குச் சிரிப்பு.
முதலில் தோள் குலுங்கியது,
பிறகு பிள்ளையே விழித்துக்கொள்ளும் அளவுக்கு.
“முதலில் வருவது தாகத்துக்கு.
கடைசியில் வருவதுதான் பசிக்கு.
கெட்டியை யாராவது குப்பிக்குக் கொடுப்பாளா?
குப்பி என்ன, அழுமா?”

மற்றவர்கள் நாற்றுக்கட்டைப் பார்த்தார்கள்.
ஒருத்திகூட மறுக்கவில்லை.

ஒரு பக்கத்தை முழுக்கக் கறந்து,
கலக்கி, அதிலிருந்து ஐந்து மில்லி:
தாளில் இருந்த விதி அது.
அதை ஓதியவள் நான்.
முதுகைக் காட்டி ஓதினேன்.

அந்தத் தூர நாடுகளிலும்
ஒரு பெண் இப்படித்தான்
மிஷின் பக்கம் பாதி, மடிப் பக்கம் மீதி என்று
வைத்திருப்பாளோ?
இல்லை, மிச்சம் வைக்கத் தேவையில்லாதவளின் கம்பம்தான்
அவ்வளவு உயரமோ?
தெரியவில்லை.
மழையில் பந்தி சுருங்குவதும் பொய்யாக இருக்காது;
செப்டம்பரில் எங்கள் கன்னங்களைப் பார்த்தாலே போதும்.

இரவு விளக்கடியில் படிவத்தை எடுத்தேன்.
‘குறிப்புகள்’ என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்று என் எண்.
அன்று விடுதியின் பின்னறையில்
எனக்கு முதுகைக் காட்டி நிற்க யாரும் இல்லை.
ஐந்து மில்லிக் கோடு வந்ததும் நிறுத்தினேன்.
சோனா அழத் தொடங்கியிருந்தாள்.
மூடியைத் திருகி,
அவளை அதே பக்கத்தில் போட்டேன்.

கட்டத்துக்குள் எழுத்து அடங்கவில்லை.
ஓரத்தில், பிறகு தாளின் பின்புறத்தில் எழுதினேன்.
முதலில் என் எண்ணை.

புதன்கிழமை மறுபடி போக வேண்டும்.
ஜைனாபா இப்போதே சொல்லிவிட்டாள்:
“வா. ஆனால் பிள்ளை குடித்த பிறகு வா.
கெட்டியாக ஒரு சொட்டு மிஞ்சினால் உனக்கு.
மிஞ்சவில்லை என்றால்
அதையும் எழுதிக்கொள்.”