இரண்டாம் கோட்

எமல்டா சித்தி பேசாலையிலிருந்து அழைக்கும்போதெல்லாம்
ஏதாவது ஒரு சுவரோடு நிற்பேன்.
பால்மா இல்லை என்றபோது அழகாபுரத்தில்
டாக்டர் வீட்டு மாடிக்குப் பட்டி பார்த்தேன்.
பரீட்சைத் தாள் அடிக்கக் காகிதமில்லை என்றபோது
நாலு ரோட்டில், சாரத்தின் மேல்,
ஒரு கை மூங்கிலில்.
"கியூவில நிண்டு நிண்டு
கால் வீங்கிப் போச்சடா."
அதற்கு என்ன சொல்ல?
இங்கே சிலிண்டர் இருக்கிறது என்றா?

ஜூலையில் ஏற்காடு.
ரிசார்ட் நீச்சல்குளத்தின் அடியில்
முட்டி போட்டு நீலம் பூசினோம்.
பனி இறங்கினால் பெயிண்ட் காயாது.
கான்ட்ராக்டர் திட்டுவார்,
பனியை அல்ல.

சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம்,
நிரோஜன் போனை நீட்டினான்.
ஜனாதிபதி மாளிகைக் குளத்தில்
சனம் குதித்துக்கொண்டிருந்தது,
சிலர் பெல்ட்கூடக் கழற்றாமல்.
காய்ந்த குளத்துக்குள் உட்கார்ந்து
அந்தத் தண்ணீரைப் பார்த்தோம்.
"அடியில டைல்ஸ்தான், பெயிண்ட் இல்ல" என்றான்.

மேனேஜர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்:
"உங்க நாடா?"

நான் பிறந்தது பவளத்தானூர் முகாமில்.
செக்கிங் நாளில் ஆர்.ஐ. பெயர் வாசிக்க
இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறவன்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் என்று
அவரும் கேட்கவில்லை.

இரண்டாம் கோட் அடித்து முடிக்க ஆகஸ்ட் ஆனது.
ஓடியது யார், வந்தது யார்,
சித்தி ஒன்றும் சொல்லவில்லை.
காஸ் கிடைத்துவிட்டதாம்.
புட்டுக்குப் பானை வைத்துவிட்டு
அடுப்பு எரிவதையே பார்த்து நின்றாளாம்,
தண்ணி வற்றும்வரை.