கணக்கு சாயந்தரம்

அஸ்தம்பட்டியில் அடுப்பு ஆறுவதற்கு முன்பே
சம்சு பாய் எண்ணிக் கொடுத்துவிடுவார்.
எண்பது பன், நாற்பது ரொட்டி,
மேலே தார்ப்பாய், அதற்கு மேல் ரப்பர் கயிறு.
கணக்கு சாயந்தரம்.

கோரிமேடு தாண்டினால் இருட்டு.
டிவிஎஸ் முக்கி முனகி ஏறும்.
வளைவுக்கு வளைவு ஜெபிப்பேன்,
ஹாரனுக்குப் பதிலாக அல்ல,
ஹாரன் அடித்துவிட்டுத்தான்.

மூன்றாம் வளைவில் வாடகை.
ஐந்தில் நகோமியின் கண்ணாடி.
போர்டு தெரியலப்பா என்றாள்,
முன் பெஞ்சுக்குப் போ என்றேன்.
தகப்பன் சொல்கிற பதிலா அது?
எட்டில் பின் டயர்.

இன்றைக்கு மட்டும் போதும் ஆண்டவரே,
நாளைக்கு நாளை கேட்கிறேன்.

முதுகுக்குப் பின்னால்
நூறு பேருக்கு மேல் தின்ன வைத்துக்கொண்டு
மலையெல்லாம் ஆகாரம் கேட்டு ஏறுகிறவன்.
அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

ஏற்காட்டில் ரொட்டி மூன்றாம் நாள் பார்க்காது.
பனி உள்ளே புகுந்து
ஓரத்தில் பச்சை பூத்துவிடும்.
சபையில் மன்னாவைப் பற்றி வாசிக்கும்போது
எல்லாரும் ஆமென் என்பார்கள்.
எனக்கு மூக்கில் அந்தப் பூஞ்சை வாடை வரும்.

அந்த வியாழக்கிழமை
பன்னிரண்டாம் வளைவில் பாறை சரிந்து கிடந்தது.
ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு பஸ்,
பிறகு வெறும் மழை.
ஜேசிபி வர மத்தியானம் ஆகுமாம்.

ஜன்னலுக்குள் ஒரு குழந்தை
அழுது அழுது குரல் போய்,
வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.
தாய்க்காரி கைக்குள் ஒரு பத்து ரூபாய்.
பன் எவ்வளவுங்க என்றாள்.
வாய் வரைக்கும் வந்த விலையை
நான் சொல்லவில்லை.
கயிற்றை அவிழ்த்தேன்.

சிலர் கொடுத்தார்கள்.
ஒருவர் ஐம்பதைத் திணித்து மீதி வாங்கவில்லை.
சிலர் இரண்டாக எடுத்துக்கொண்டு
பனியைப் பார்த்தார்கள்.
திரும்பி வரும்போது தர்றேன் என்றவர்
இன்னும் மேலேயே இருக்கிறார் போல.

மேலே விடுதிப் பிள்ளைகள்
காலையில் என்ன தின்றார்கள்?
இதையும் அவரிடம் கேட்டேன்.
மழைச் சத்தம்தான்.

சாயந்தரம் முந்நூற்று நாற்பது குறைந்தது.
பாய் நோட்டைத் திறந்து
பேனாவை உதறினார், எழுதவில்லை, மறுபடி உதறினார்.
"மழை அவனோடது. கணக்கு நம்மளோடது.
பாதிய என் பேர்ல போட்டுக்கிறேன்."
மீதிப் பாதி இன்னும் என் பேரில் நிற்கிறது.

வீட்டில் கேஸ் தீர்ந்திருந்தது.
தார்ப்பாய் மடிப்பில் நசுங்கிய மூன்று பன்.
பெர்சியாள் கீழ்வீட்டில் டீ வாங்கி வந்தாள்.
நான் ஜெபிக்கத் தொடங்கி
எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
ஆமென் மட்டும் சொன்னேன்.
நகோமி பன்னைக் கண்ணருகே தூக்கி
பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள்.
இல்லை. இன்றையது.

மறுநாள் பாதை திறந்தது.
ஐந்தாம் வளைவில்
மறுபடி கண்ணாடி கேட்டேன்,
ஹாரன் அடித்துவிட்டுத்தான்.